ஒரே மாதிரி இரண்டு படங்கள்

புது விண்டோஸ் போட்டதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. பழையதைவிட அது பார்க்க லட்சணமாகவே இருந்தது. திரையின் அடிப்பட்டையில் இருந்த ஷார்ட்கட் படங்கள் இடம் மாறிப்போனதுதான் தொல்லை. என் கைக்குப் பழைய இடம்தான் தெரியும். கொழுந்து பறிப்பு விவரத்தைத் திறக்கப் போவேன், கால்குலேட்டர் வந்து நிற்கும்.

குன்னூருக்குக் கீழே எங்கள் எஸ்டேட் ஆபீஸில் இருந்ததே அந்த ஒரு கம்ப்யூட்டர்தான். தேயிலை விலை விழுந்து கிடந்த காலம். ஃபீல்டு ஆபீசரை வீட்டுக்கு அனுப்பியாயிற்று, டிஸ்பென்சரியைப் பூட்டியாயிற்று. ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிளாக்கர் நான், எனக்குக் கீழே ரேணுகா. இருவரில் ஒருவருக்குத்தான் இனி இடம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். எழுந்து நடக்க முடியாத என் மனைவி ஈவ்லினை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்? இந்த எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்திலேயே பிறந்தவன் நான். மேட்டுப்பாளையம் பஸ் மலையிறங்குவதைப் பார்த்தாலே எனக்கு மூச்சு முட்டும்.

ரேணுகா கெட்ட பெண் அல்ல. நான் தடுமாறுவதைப் பார்த்து, "ஏனுங்க சார், படத்து மேல மவுஸ் அம்பை வெச்சுக் கொஞ்சம் பொறுங்க. பேரு தானா வருமுங்க" என்றாள். மேனேஜரும் அதே அறையில் இருந்தபோது சொன்னாள். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே என் கதை முடிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. அவமானமாக இருந்தது, மறைக்க மாட்டேன்.

எங்கள் போர்டில் இரண்டு ஆணிகள். இடது ஆணியில், அன்று கொழுந்து பறிக்க வேண்டிய தேயிலைக் காடுகளின் எண்கள். வலது ஆணியில், மருந்தடித்திருப்பதால் கால் வைக்கக் கூடாத காடுகளின் எண்கள். மை மிச்சம் பிடிக்கத் தாளில் தலைப்பு போடுவதையும் நிறுத்தியிருந்தோம். முந்தின நாள் மாலையில் கம்ப்யூட்டரில் எண்களை அடித்து வைப்பது நான். காலையில் அடிப்பட்டையில் முதல் படத்தை அழுத்தி, அச்சாகி வந்த தாளை இடது ஆணியிலும், அடுத்த படத்தை அழுத்தி வந்ததை வலது ஆணியிலும் மாட்டுவது ரேணுகா. இரண்டும் ஒரே பச்சைப் படம். எனக்குச் சொல்லிக்கொடுத்தாளே தவிர, அவள் அம்பை வைத்துப் பொறுத்துப் பார்ப்பதில்லை. கை அவ்வளவு வேகம்.

ஒரு மாலை எண்களை அடித்த கையோடு அந்த இரண்டு படங்களையும் நான் இடம் மாற்றி வைத்தேன். இழுத்து விட்டால் போதும், புது விண்டோஸில் அது சுலபம்.

நான் எதிர்பார்த்தது சின்ன விஷயம். தாள் மாறும், யாராவது கண்டுபிடித்துச் சத்தம் போடுவார்கள், மேனேஜர் முன்னால் ரேணுகாவுக்குத் திட்டு விழும். அதன்படியே மறுநாள் காலையில் ஒருத்தி கண்டுபிடிக்கவும் செய்தாள். சிலோனிலிருந்து வந்த தெய்வம்மா, வீசிங் இழுப்புக்காரி; காட்டை மலை என்றுதான் சொல்வாள். என் ஜன்னலோரம் வந்து நின்றாள்.

"கிளாக்கர் ஐயா, பதினோராம் நம்பர் மலைக்கு நேத்துத்தானே மருந்தடிச்சாங்க? வாடையே இன்னும் போகலங்களே."

மேனேஜர் இன்னும் வந்திருக்கவில்லை. அவர் இல்லாத நேரத்தில் கண்டுபிடித்து எனக்கு என்ன பயன்?

"போர்டுல போட்டிருக்கிறதுதான். போ" என்றேன். அவள் கூடையை மாட்டிக்கொண்டு போனாள். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

மதியத்துக்குள் எல்லாரும் வாந்தி எடுத்தார்கள். மற்றவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். தெய்வம்மாவை ஏற்றிய ஜீப் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் அவள் மூச்சு நின்றுவிட்டது. அந்தக் களேபரத்தில் படங்களைப் பழையபடி மாற்றி வைக்க எனக்குத் தாராளமாக நேரம் இருந்தது.

"நான் சரியாத்தானுங்க சார் அழுத்துனேன், நீங்களாவது சொல்லுங்க" என்று ரேணுகா என்னிடம் அழுதாள். அவளை அனுப்பிவிட்டார்கள். நான் இருக்கிறேன். அதே குவார்ட்டர்ஸ், அதே ஜன்னல். பறிக்கப் போகிறவர்கள் தினமும் அதைத் தாண்டித்தான் போகிறார்கள். யாரும் நின்று எதுவும் கேட்பதில்லை.

கம்ப்யூட்டரில் எனக்கு ஏன் இவ்வளவு நிதானம் என்று நீங்கள் கேட்டதால் இதையெல்லாம் சொன்னேன். இப்போது நான் எதைத் திறப்பதானாலும் அம்பை வைத்து, பொறுத்து, பெயரைப் பார்த்த பிறகுதான் அழுத்துகிறேன். ரேணுகாவும் அன்றைக்கு அதைச் செய்திருந்தால் தெய்வம்மா செத்திருக்க மாட்டாள்.