லூசியஸின் பெயருக்குக் கீழே

சனிக்கிழமை காலையில் ஆர்வலின் சலூனுக்கு வருகிறவர்கள் யாரும் முடி வெட்டிக்கொள்ள வருவதில்லை. எனக்கே தலையில் முடி போய்ப் பதினாறு வருடம் ஆகிறது. ஆனாலும் வாரம் தவறாமல் போவேன். ஆர்வல் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்தைச் சுற்றித் துணி போர்த்தி, மொட்டைத் தலையை வெந்நீர்த் துண்டால் துடைத்துவிட்டு, "அடுத்த வாரம் கொஞ்சம் குறைச்சு வெட்டலாம்" என்பான். ஏன் செய்தீர்கள் என்று நீங்கள் கேட்டதற்கு அங்கிருந்து ஆரம்பித்தால்தான் எனக்குச் சொல்ல வரும். வாக்குமூலத்துக்கு அவசரம் இல்லை என்றீர்கள். எனக்கும் இப்போது போக வேண்டிய இடம் எதுவும் இல்லை.

பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுகிற நம் ஊர்க் கால்பந்து உங்களுக்குப் பிடிக்காது என்றீர்கள். ஓஹியோவில் பிறந்துவிட்டு அதை வெளியே சொல்ல ஒரு தைரியம் வேண்டும், அதற்காக உங்களை மெச்சுகிறேன். ரன்னிங் பேக் என்றால் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிரணிக் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுகிறவன். அவனுக்கு ஒரு எட்டு முன்னால் இன்னொருவன் ஓடுவான். வருகிறவர்கள் மேல் விழுந்து, மோதி, வழி உண்டாக்கிக் கொடுப்பது அவன் வேலை. பள்ளிக்கூடத்தில் லூசியஸ் டார்ப்ளி ஓடினான், நான் மோதினேன். மூன்று வருடம் அப்படித்தான். எங்கள் அணி மாநிலத்திலேயே முதலில் வந்த வருடம் அவன் படம் பத்திரிகையில் வந்தது. படத்தின் ஓரத்தில் தரையில் கிடக்கிற இரண்டு கால்கள் தெரியும். அவை என்னுடையவை.

ஆர்வலின் அப்பா காலத்திலிருந்து அந்தச் சலூன் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை தொங்குகிறது. வழக்கமாக வருகிற ஒவ்வொருவர் பெயரும் அதில் இருக்கும். பெயருக்குக் கீழே, எல்லாக் காலத்துக்கும் தலைசிறந்த ரன்னிங் பேக் யார் என்று அவர் நினைக்கிறாரோ அந்தப் பெயர். சாக்பீஸில்தான் எழுதுவார்கள். மாற்றிக்கொள்ளலாம். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து, துணி போர்த்தியிருக்கும்போது, தன் வாயால் சொல்ல வேண்டும். துணி கழுத்தில் இருக்கும்வரை பேச்சு நாற்காலிக்காரனுடையது. ஆள் இறந்துபோனால் ஆர்வல் சாக்பீஸை அழித்துவிட்டு அதே பெயரை வெள்ளைப் பெயின்ட்டில் எழுதிவிடுவான். அதற்குப் பிறகு யாரும் தொட மாட்டார்கள்.

லூசியஸின் பெயருக்குக் கீழே ஐம்பது வருடமாக எங்கள் ஓஹியோ அணிக்கு ஆடிய ஜிம் பிரவுன். என் பெயருக்குக் கீழே வால்ட்டர் பேட்டன். இந்த ஊரில் இருந்துகொண்டு சிகாகோக்காரனுக்குப் போடுகிறாயே என்று நான் வாங்காத திட்டு இல்லை. பேட்டனைப் பற்றி ஒன்று சொல்கிறேன், இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை. பந்து தன் கையில் இல்லாதபோதும் அவன் இன்னொருவனுக்காக முன்னால் போய் மோதுவான். அவ்வளவு பெரிய ஆட்டக்காரன் அதைச் செய்ய வேண்டிய கட்டாயமே இல்லை. நான் சொல்வதெல்லாம் இந்த ஒன்றுதான். ஐம்பது வருடமாக இதை லூசியஸிடம் ஒப்புக்கொள்ள வைக்கப் பார்த்தேன். அவன் சிரிப்பான்.

பிறகு அவனுக்கு வலிப்பு வந்தது. ஆடிய காலத்தில் தலையில் வாங்கிய அடியெல்லாம் சேர்ந்து இப்போது வேலை காட்டுகிறது என்று டாக்டர் சொன்னார். சொல்லும்போது நானும் அறையில் இருந்தேன். அவன் மனைவி இறந்துபோய்ப் பல வருடம் ஆகிறது. மகள் ரெனிடா கிடங்கு ஒன்றில் வேலை பார்க்கிறாள், சனிக்கிழமையும் போக வேண்டும். நான் பக்கத்து வீடு. மாத்திரையை நேரம் தவறாமல் கொடுப்பதாக நானே முன்வந்து சொன்னேன். "ஒரு வேளைகூட விடக் கூடாது, திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து" என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். ஏழு அறை வைத்த பிளாஸ்டிக் டப்பாவில் ரெனிடா ஞாயிற்றுக்கிழமையே வாரம் முழுவதற்கும் மாத்திரைகளை நிரப்பி வைத்துவிடுவாள்.

மாத்திரை வலிப்பை நிறுத்தியது. அதோடு லூசியஸையும் நிறுத்தியது. அப்படித்தான் சொல்ல வேண்டும். கேட்டால் பதில் சொல்வான், கொடுத்தால் சாப்பிடுவான். சலூனில் அத்தனை பேர் கத்திக்கொண்டிருக்க, மடியில் கிடக்கிற தன் கையையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு நாள் தபால்காரன் கார்வின் அவனைச் சீண்டினான்.

"லூசியஸ், உன் ஆளை வாய்க்கு வந்தபடி பேசிட்டிருக்காங்க. நீ பாட்டுக்குக் கேட்டுட்டு உக்காந்திருக்கியே."

லூசியஸ் நிமிர்ந்து பார்த்தான். "யாரு என் ஆளு?" என்று கேட்டான்.

ஆர்வல் கத்தரியைக் கீழே வைத்தான். நான் வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டு அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. என் பெண்டாட்டி போனபோதுகூட என்னால் ஏதோ கொஞ்சம் செய்ய முடிந்தது, காலைப் பிடித்துவிட்டேன், கஞ்சி ஊட்டினேன். இவனுக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. என் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறவனை எங்கே போய்த் தேடுவது, சொல்லுங்கள்.

முதல் தடவை நடந்தது தற்செயல். மாத்திரை என் கையிலிருந்து நழுவிச் சமையலறைத் தொட்டிக்குள் போய்விட்டது. இன்னொன்று எடுத்துக் கொடுத்திருக்கலாம். நேரமாகிவிட்டதே என்று கிளம்பிவிட்டோம். அன்றைக்கு லூசியஸ் காரிலேயே ஒரு மாதிரி உஷாராக இருந்தான். சலூனில் கார்வின், பாரி சாண்டர்ஸைப் போல வளைந்து ஓட இனிமேல் ஒருத்தன் பிறந்துதான் வர வேண்டும் என்று ஆரம்பித்ததும், மூலையிலிருந்து குரல் வந்தது.

"அவன் வளைஞ்சு வளைஞ்சு ஓடுவான். ஜிம் பிரவுன் எதுக்கு வளையணும்? எதிர்ல இருக்கறவன்தானே வளைஞ்சான்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். லூசியஸ்தான். நான் விடவில்லை. "ஒரு நாளாவது அடுத்தவனுக்காக முன்னால போய் மோதியிருக்கானாடா உன் ஆளு?" என்றேன்.

"சிங்கத்தைக் கொண்டுபோய்க் காவலுக்கு வைப்பாங்களாடா, வெண்டல்? ஒம்பது வருஷம் ஆடினான், அதுல எட்டு வருஷம் அவன்தான் முதல். மோதறதுக்கு உன்னை மாதிரி நாலு பேரைச் சம்பளத்துக்கு வெச்சுக்கலாம்."

சிரிப்பில் சலூனே அதிர்ந்தது. கார்வின் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கேலிக்கு ஆளானவன் நான்தான், ஆனால் அன்றைக்கு என்னைவிடச் சந்தோஷமாக யாரும் வீடு திரும்பியிருக்க மாட்டார்கள்.

அடுத்த வாரம் சனிக்கிழமை மாத்திரையை நானே எடுத்துவிட்டேன். பெரிய மாற்றம் இல்லை. வெள்ளிக்கிழமையும் எடுத்தால்தான் சரியாக வருகிறது என்று பிறகு தெரிந்தது. இலையுதிர் காலத்தில் வியாழக்கிழமையிலிருந்தே நிறுத்த வேண்டியிருந்தது. இதையெல்லாம் ஒரே நாளில் தீர்மானித்ததாக நீங்கள் நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம்தான். எடுத்த மாத்திரைகளைப் புதினா மிட்டாய் டப்பா ஒன்றில் போட்டுக் காரில் வைத்தேன். எறிந்துவிட மனம் வரவில்லை. விலை உயர்ந்த மாத்திரை.

ரெனிடாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "சனிக்கிழமையானா அப்பா பழையபடி ஆயிடறார் மாமா. எல்லாம் நீங்க கூட்டிட்டுப் போறதாலதான்" என்று சர்க்கரைவள்ளிக் கிழங்கு வைத்த இனிப்புப் பலகாரம் ஒன்று செய்து, துணி மூடி எடுத்துக்கொண்டு வந்தாள். வாங்கிக்கொண்டேன். நன்றாகச் செய்வாள். இரண்டு நாள் வைத்துச் சாப்பிட்டேன்.

அறிகுறி இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. இடது கட்டை விரல் தானாக ஆட ஆரம்பிக்கும். வாய் எதையோ மெல்லுவதைப் போல அசையும். அக்டோபரில் ஒரு தடவை காரில் அப்படி ஆனது. ஓரமாக நிறுத்தினேன். நாலைந்து நிமிடத்தில் சரியாகி அவன் தூங்கிவிட்டான். வாயைத் துடைத்துச் சட்டையைச் சரிசெய்து வீட்டில் கொண்டுபோய் விட்டேன். ரெனிடாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சனிக்கிழமையை நிறுத்திவிடுவாள். நிறுத்தினால் அவனுக்கு வேறு என்ன இருக்கிறது? நீங்கள் அவனை மூலையில் உட்கார்ந்திருந்த நிலையில் பார்த்ததில்லை.

கடைசிச் சனிக்கிழமைக்கு வருகிறேன். காலை பதினொரு மணி இருக்கும். லூசியஸ் நாற்காலியில் இருந்தான், துணி போர்த்தியிருந்தது. ஆர்வல் ஒரு பக்கம் வெட்டி முடித்துவிட்டுப் பிரஷ்ஷைக் கழுவத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போயிருந்தான். கார்வினும் மற்றவர்களும் டிவியில் ஆட்டம் ஆரம்பிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் லூசியஸுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு அவன் கிண்டல் எதுவும் செய்யவில்லை. வெகுநேரம் கண்ணாடியையே பார்த்தான்.

"அந்தப் பேப்பர் ஃபோட்டோல ஒரு கால் தெரியும்ல" என்றான்.

"ரெண்டு கால்" என்றேன்.

"உன்னோடதா?"

"என்னோடது இல்லாம? அம்பது வருஷமா என்னத்தைச் சொல்லிட்டிருக்கேன் உங்கிட்ட?"

"நீ இல்லாட்டி நான் ஓடியிருக்க முடியாது" என்றான். அப்புறம், "நீ சொல்றதும் சரிதானோ என்னவோ" என்றான்.

அம்மா, நீங்கள் இதை எப்படி எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டேன். அந்த நேரத்தில்தான் துணிக்குக் கீழே அவன் இடது கை ஆட ஆரம்பித்தது. துணி மடிப்பு அசைந்ததைப் பார்த்தேன். ஆர்வல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். வேறு யாரும் பார்க்கவில்லை. கூப்பிட்டிருந்தால் அந்த நிமிடமே ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருப்பார்கள். இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் என்று நினைத்தேன். காரில் நாலைந்து நிமிடத்தில் சரியாகிவிட்டதே என்று நினைத்தேன்.

பிறகு அவன் மொத்தமாக விறைத்துச் சரிந்தான். ஆர்வல் ஓடி வந்து தலையைப் பிடித்தான். ஆம்புலன்ஸ் வந்தும் வலிப்பு நிற்கவில்லை. ஆஸ்பத்திரியிலும் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் போய்விட்டான். ரெனிடா என் தோளில் சாய்ந்துதான் அழுதாள்.

செவ்வாய்க்கிழமை ஆர்வல் என்னைச் சலூனுக்குக் கூப்பிட்டான். பெயின்ட் டப்பாவைத் திறந்து வைத்திருந்தான். "கடைசியா உங்கிட்டதான் என்னமோ சொன்னான். டிவி சத்தத்துல எனக்குக் கேக்கல. என்னடா சொன்னான்?" என்று கேட்டான்.

"பேட்டன்னு சொன்னான்" என்றேன்.

ஆர்வல் பலகையைத் திரும்பிப் பார்த்தான். "துணி இருந்ததுல்ல?" என்றான். "இருந்தது" என்றேன். அப்புறம் ஈரத்துணியால் ஜிம் பிரவுனை அழித்தான். வெள்ளைப் பெயின்ட்டைத் தொட்டு, நிதானமாக, எழுத்து எழுத்தாக எழுதினான். கை நடுங்காமல் எழுதுகிறவன் அவன்.

வியாழக்கிழமை ரெனிடாவை இறுதிச்சடங்கு நடத்தும் இடத்துக்கு அழைத்துப் போகும்போது, மூக்கைச் சிந்த டிஷ்யூ தேடிக் காரின் முன்பக்கச் சிறு பெட்டியைத் திறந்தாள். புதினா மிட்டாய் டப்பாவைக் குலுக்கிப் பார்த்தாள், திறந்தாள். அவளே அறை அறையாக நிரப்பிய மாத்திரைகளாயிற்றே. டப்பாவைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். கார் நின்றதும் இறங்கினாள். அன்றிலிருந்து அவள் என்னை மாமா என்று கூப்பிடவில்லை, எந்தப் பெயராலும் கூப்பிடவில்லை.

மாத்திரையைப் பற்றி நான் சொன்னது அத்தனையும் உண்மை. எங்கே வேண்டுமோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவன் கடைசியாக என்ன சொன்னான் என்று மறுபடியும் கேட்கிறீர்கள். நீங்கள் கேட்காமல் விட்டிருக்கலாம்.

அவன் பேட்டன் என்று சொல்லவில்லை. "வெண்டல், என்னமோ பண்ணுதுடா, என்னைப் பிடிச்சுக்கோ" என்றான். துணிக்குள்ளிருந்து வலது கையை என் பக்கம் நீட்டினான். நான் பிடிக்கவில்லை. அவன் காதுக்குக் குனிந்து, "முதல்ல பேரைச் சொல்லு" என்றேன். இரண்டு தடவை சொன்னேன்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு மறுப்பு இல்லை. ஆர்வலிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். காய்ந்த பெயின்ட்டைச் சுரண்டினால் பலகை கெட்டுப்போகும். அதோடு, நான் ஒன்றும் இல்லாததைச் சொல்லிவிடவில்லை. இன்னும் ஒரு நிமிடம் கிடைத்திருந்தால் லூசியஸே சொல்லியிருப்பான்.