நாற்காலியால் இடித்துக் காப்பாற்றியவள்

அடி என் தங்கச்சி குண்டுமணி! உன்னைக் கூப்பிட்டுவிட்டுத்தான் சபையைக் கூப்பிடுகிறேன்.

தலைமை ஏற்றிருக்கும் தையல் தொழிலாளர் சங்கத் தலைவி அவர்களே, முன்வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் மூத்தவர்களே, இடுப்பில் பிள்ளையும் பையில் பாஸ்போர்ட்டுமாக வந்திருக்கும் தாய்மார்களே, நாளை வெளிநாட்டுக்குத் தைக்கப் போகும் என் தங்கச்சிமாரே, வணக்கம்! நான் சட்டைப் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிறவள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் சரி. பெரிய பேச்சு வராது; என் தங்கையைப் பற்றிய பேச்சு மட்டும் வரும்.

அவளும் உங்களைப் போலத்தான் போனாள். அறைக்கு ஆறு பெண்கள். ஒருத்தி இங்கிருந்தே இஸ்திரிப் பெட்டி கொண்டுபோயிருந்தாள். பிளக்குக்கு மூன்று கால். அங்கே சுவரில் இரண்டே ஓட்டை. ஏதோ ஒரு அடாப்டரை வாங்கி மாட்டிவிட்டாள்.

"அந்த மூணாவது காலு அழகுக்கா இருக்கு? எர்த்துடி அது. அது இல்லாம இரும்பத் தொடாத" என்றாளாம் என் தங்கை.

"வந்துட்டா கரண்டு மந்திரி! போடி, போய்த் துணிய மடி."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், அவர்களும் சிரித்தார்கள். ஓட்டை பொருந்தினால் கரண்டு ஓட்டம் பொருந்துமா? கால் நுழைந்தால் காவல் கிடைக்குமா?

மறுநாள் ஈரத் தரையில் வெறுங்காலோடு தேய்த்தாள் அந்தப் பெண். பெட்டி அவளைப் பிடித்துக்கொண்டது. கத்தக்கூட வாய் வரவில்லை. தூக்கிவிட இன்னொருத்தி ஓடினாள். "தொட்டா நீயும் போயிருவ, தள்ளு!" என்று அவளை விலக்கினாள் என் தங்கை. அணைக்கலாம் என்றால் அந்தச் சுவரில் ஸ்விட்சே கிடையாது. ரப்பர் செருப்பை மாட்டினாள். காய்ந்த மர நாற்காலியைத் தூக்கினாள். இடித்தாள் ஒரே இடி! பெட்டி ஒரு பக்கம், பெண் ஒரு பக்கம்!

அந்தப் பெண் அதோ, நான்காவது வரிசையில். என்னம்மா? "இடுப்பு இன்னும் வலிக்குதுக்கா!" வலிக்கட்டும் கண்ணு, வலிக்க உயிர் இருக்கிறதே!

இதை என் தங்கை எனக்குச் சொல்லவே இல்லை. போனில் "நல்லா இருக்கேங்க்கா, நீ சாப்ட்டியா?" அவ்வளவுதான். பிறகு வந்த காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. துக்கம் கேட்க வந்த இந்தப் பெண் சொல்லித்தான் என் தங்கை யாரென்று எனக்கே தெரிந்தது.

ஆகவே தங்கச்சிமாரே, மூட்டையைப் பிரியுங்கள்! இஸ்திரிப் பெட்டியோ வெந்நீர்க் கம்பியோ, இந்த மேடையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அந்த ஊர்க் கரண்டுக்கு அந்த ஊர்ப் பொருளை வாங்குங்கள். இங்கிருந்து உயிரைக் கொண்டுபோங்கள்; அதை முழுசாகத் திருப்பிக் கொண்டுவாருங்கள்! காது கொடுத்த எல்லோருக்கும் நன்றி. நல்லபடியாகப் போய் வாருங்கள்.

குண்டுமணி, அடுப்பைப் பற்றவைக்கக்கூட அக்காவைக் கூப்பிட்டவளே, அந்த நாற்காலியைத் தூக்கினபோது அக்காவைக் கூப்பிடத் தோன்றவில்லையாடி?