பன்னிரண்டு பேருக்கு ஒரே மூச்சு

— ரமாபாய் அக்கா, நுரையீரல் டெஸ்ட்ல பன்னிரண்டு பேரு ஊதின கணக்கும் அச்சு மாறாம ஒண்ணுபோல இருக்கு. மெஷின் கெட்டுப்போச்சா?

— நீ என்னாண்ட வுட்டுட்டுப் போன மிசின் நல்லாத்தான் கீது, டாக்டரம்மா. பன்னெண்டு பேருக்கும் ஊதுனது ஒரே ஆளு. எதிர் வூட்டு மதி. டெய்லி பந்து ஆடுறவன்.

— என்னக்கா சொல்லுதிய? உங்க சங்கம், எங்க காலேஜ், கம்பெனி, மூணையும் ஒரே மேசையில உக்கார வைக்க ரெண்டு வருசம் அலைஞ்சேன். கம்பெனிக்குள்ள வேலை பாக்குற அந்தப் பன்னிரண்டு பேர நம்பித்தான் இந்த மூச்சு ஆராய்ச்சியே.

— ஊதச் சொல்ற தாள்ல கம்பெனி பேரு இன்னாத்துக்கு போட்ட?

— அவங்களும் இந்த ஆராய்ச்சியில பங்காளிதானே.

— அங்கதான் பேஜாரு. கம்பெனியில வருசா வருசம் ஊத வைப்பான். இளைப்பு தெரிஞ்சா கேட் பாஸ் கட்டு. இதுவும் அதுதான்னு நெனச்சிகினாங்கோ.

— இது வேலைக்கான டெஸ்ட் இல்லன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே.

— சொன்ன. நானும் வூடு வூடா சொல்லிகினு போனேன். பதினோரு பேரு நம்பல.

— பன்னிரண்டாவது ஆளு?

— என் புள்ள பீம்ராவ். அவன் நம்புனான், நான்தான் நம்பல. ரெண்டு மாடி ஏற நாலு எடத்துல நின்னு நின்னு வர்றான். அந்த வேலையும் பூட்டா எங்க போவான்? மதிய இட்டாந்தது நான்தான்.

— இப்ப எல்லாருக்கும் நல்ல நுரையீரல்னு ஆகிப்போச்சு. கம்பெனியில இருந்து நன்றின்னு லெட்டர் வந்திருக்கு.

— பேரு இல்லாம நம்பர் மட்டும்தானே குடுத்த?

— பங்காளிங்களுக்கு முழு விவரமும் தரணும்னு ஒப்பந்தத்துல ஒரு வரி கேட்டாங்க. மாட்டேன்னா எல்லாம் கலைஞ்சிரும்னு கையெழுத்துப் போட்டுட்டேன். நான் கணக்கப் பாக்குறதுக்கு முன்னமே பேரோட போயிருச்சு. என்ன மன்னிச்சிருங்க.

— இரு, பீம்ராவ் போன் அடிக்கிறான். சொல்லு நைனா. இன்னாது, எறங்குனா வேலைய பர்மனன்ட் ஆக்குறானா? எந்த டேங்கு? நீ போவாத. டேய், அம்மா சொல்றத கேளு. டேய்.

— என்னக்கா ஆச்சு?

— வெச்சிட்டான். ஆசிட் டேங்கு கழுவ மூச்சு கெட்டியா கீற ஆளுங்க பேர மெயின் கேட்டாண்ட ஒட்டிகீறானாம். பன்னெண்டு பேரு.

— திரும்ப அடிங்க. இறங்காதன்னு சொல்லுங்க. கணக்கு எல்லாம் பொய்னு நான் இப்பமே எழுதித் தாரேன்.

— அடிச்சிகினுதான் கீறேன். தோ, எடுத்துட்டான். ஹலோ, பீம்ராவ்?

— அவர்கிட்ட நான் பேசுதேன், குடுங்கக்கா.

— காவக்காரன் பேசுறான். போனு இவன் கையில குடுத்துட்டு, மொத ஆளா டேங்குல எறங்குனது பீம்ராவ்தானாம்.