புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு இலவசம்

உங்கள் ஸ்டேஷன் சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பில் ஓர் ஒற்றெழுத்து விட்டுப்போயிருக்கிறது, ஐயா. தப்பாக நினைக்க வேண்டாம். பிழை கண்ணில் பட்டுவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. பதிப்பாளர் புத்தி. உட்காரச் சொல்லாதீர்கள், இங்கேயே நடந்துகொண்டு சொல்கிறேனே.

‘உப்பளத்து மூலிகைகள்’ நானே எழுதி, மரக்காணத்தில் என் பதிப்பகத்திலேயே வெளியிட்ட புத்தகம். பாத வெடிப்பு, முட்டி வலி, கண் எரிச்சல் என்று அளத்தில் வேலை செய்பவர்களுக்கு வருகிற அத்தனைக்கும் வைத்தியம். பெரிய எழுத்து, எளிய தமிழ். பல குடிசைகளில் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். எனக்கு அதில் பெருமை உண்டு.

அச்சாகி வந்த அன்றே பிழையைப் பார்த்துவிட்டேன். முட்டி வலிக்கு ஊமத்தை இலைத் தைலம் எழுதியிருந்தேன். ‘வெளியே பூச மட்டும்’ என்ற வரி பக்கம் மாறும் இடத்தில் விட்டுப்போய்விட்டது. அடுத்த பக்கத்தின் தலையில் வேறொரு மருந்தின் வரி வந்து நின்றது: ‘தேனில் குழைத்து உள்ளுக்குக் கொடுக்கவும்.’ சேர்த்துப் படித்தால் தடங்கலே தெரியாது. ஊமத்தை உள்ளுக்குப் போனால் விஷம், ஐயா.

கம்ப்யூட்டரில் பக்கம் கட்டிய யுவராணியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“சார், திருத்தம் போட்டு ஒரு சீட்டு அடிச்சு ஒட்டிடலாங்க. நானே ஒட்டறேன்.”

வைத்தியப் புத்தகத்தில் திருத்தச் சீட்டு இருந்தால் மற்றப் பக்கங்களை யார் நம்புவார்கள்? வேண்டாம் என்றேன். அவள் வேலையை விட்டு நின்றுவிட்டாள். இப்போது உங்களிடம் வந்து சொல்லியிருப்பதெல்லாம் உண்மைதான்.

அதன்பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. விடிவதற்குள் எழுந்து அளத்து வரப்புகளில் நடப்பேன். யாராவது முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வேறு வரப்புக்கு மாறிவிடுவேன். அந்த மார்கழியில் கடல் ஊருக்குள் வந்து போனபோது, புத்தகங்களையும் கொண்டுபோயிருக்கும் என்று ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பல பேர் கூரை இடுக்கில் செருகி வைத்திருந்தார்களாம். தப்பித்துவிட்டன.

மறு வருஷம்தான் அந்த யோசனை வந்தது. பிழையில்லாத புத்தகத்தை சிடியில் போட்டேன். அச்சுப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டுகிறவர்களுக்கு இலவசம் என்று நோட்டீஸ் ஒட்டினேன். ‘திருத்தம்’ என்ற சொல் அதில் இல்லை. ‘புதிய மின்பதிப்பு’ என்றுதான் போட்டேன்.

அளத்துக் குடிசையில் ஏது கம்ப்யூட்டர் என்று கேட்டீர்கள். எனக்கும் தெரியும். வானூரிலிருந்து வாத்தியார்கள் வந்து வாங்கிக்கொண்டார்கள். குயிலாப்பாளையத்தில் விடுதி நடத்துகிறவர் ஒருவர் வந்தார். அவர்கள் யாரும் ஊமத்தை அரைக்கிறவர்கள் இல்லை. இருந்தாலும் ஒவ்வொரு சிடி கொடுத்த அன்றும் கொஞ்சம் தூங்கினேன்.

ஒரு மத்தியானம் கொளஞ்சியம்மாள் வந்தாள். உப்பு வாருகிறவள். புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தாள். சிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இந்தத் தட்டு எதுக்குங்க?”

“அதே புத்தகம்தாம்மா. பிரவுசிங் சென்டர்ல போட்டுப் பாக்கலாம்.”

“அதேதான்னா எனக்கு எதுக்குங்க? அதான் கையில இருக்குதே.”

பிறகு புத்தகத்தை விரித்து அந்தப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

“எங்கூட்டுக்காரருக்கு முட்டி வலி தாங்கல. எம்பொண்ணு படிச்சுச் சொல்லிச்சு. இதுல போட்டிருக்கிற மாதிரி குடுத்துடலாங்களா?”

பூசலாமா என்று அவள் கேட்கவில்லை. குடுக்கலாமா என்றுதான் கேட்டாள். என் காதில் தெளிவாக விழுந்தது. பின்னால் இரண்டு வாத்தியார்கள் நின்று என் புத்தகத்தைப் பாராட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“சிடில எல்லாம் தெளிவா இருக்குதும்மா. ஒரு தடவை பாத்துட்டுச் செய்ங்க” என்றேன்.

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் தெரு முனையில் நின்று முந்தானையை உதறிக் கட்டினாள். நான் கூப்பிடவில்லை.

மறுநாள் அவள் புருஷன் கலியன் வாய்க்கு வந்ததைப் பிதற்றிக்கொண்டு வெளியே ஓடியிருக்கிறார். தாகம் தாங்காமல் பாத்தியில் குப்புற விழுந்து உப்புத் தண்ணீரைக் குடித்தாராம். பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது.

மாலை வாங்கிக்கொண்டு போனேன். கொளஞ்சியம்மாள் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

“புக்குல போட்டிருந்த மாதிரியேதாங்க குடுத்தேன். ஒரு சொட்டுகூடக் கொறைக்கல.”

“ஆயுசு அவ்வளவுதாம்மா” என்றேன்.

ஆமாம், தெரிந்தேதான் சொன்னேன். அவள் கேட்டபோதும் தெரியும், போனபோதும் தெரியும். அதில் நான் எதையும் மறுக்கப்போவதில்லை.

ஆனால் மிச்சப் புத்தகங்களைத் திரும்ப வாங்கச் சொல்லித் தண்டோரா போடப்போவதாகச் சொல்கிறீர்கள். அது மட்டும் வேண்டாம், ஐயா. வாசகர்கள் வீணாகப் பயந்துவிடுவார்கள். யாராக இருந்தாலும் புத்தகத்தோடு வரட்டும். சிடி இன்னும் நிறைய இருக்கிறது.