இத்செலுக்கு எழுதிய மருந்து

பருத்தி எடுப்பு தொடங்கிவிட்டால் பறக்கும் தூசியில் எங்கள் ஊரில் இருமல் இல்லாத குழந்தையைப் பார்ப்பது அரிது. டெக்சஸின் வடகோடியில் இருபத்திரண்டு வருடமாகக் குழந்தை மருத்துவம் பார்க்கிறேன். வெளியே நாற்பது பேர் காத்திருக்கும்போது, சளி தானாகப் போய்விடும் என்று ஒரு தாய்க்குப் புரியவைக்க நேரம் இருக்காது. ஸ்டீராய்டு சிரப் எழுத அரை நிமிடம் போதும்.

நோயெமி தன் மூன்று வயது மகள் இத்செலைத் தூக்கிவந்தது அப்படியொரு அக்டோபரில். அவளுக்கு மாட்டிறைச்சி ஆலையில் வேலை.

"இன்னொரு நாள் லீவு போட்டா வரவே வேணாம்னுட்டாங்க டாக்டர். இவ இருமினா காப்பகத்துல சேர்க்க மாட்டேங்கறாங்க."

எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதமும். அதற்கடுத்த மாதமும்.

எட்டாவது தடவை என் நர்ஸ் டெல்ஃபினா கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள். "நெஞ்சுல இழுப்புச் சத்தமே இல்லையே டாக்டர். மறுபடியும் அதே மருந்தா?"

"அவளுக்கு வேலை போயிடும், டெல்ஃபினா."

"பிள்ளை மூஞ்சியைப் பாத்தீங்களா?"

பார்த்தேன். மருந்தால் கன்னம் உப்பி உருண்டையாகியிருந்தது. "பூசினாப்புல ஆயிட்டா, உங்க கைராசி" என்று நோயெமிக்குப் பெருமை. நானும் சிரித்தேன்.

இத்தனை பாட்டிலுக்குப் பிறகு உடம்பு தனக்கு வேண்டியதைத் தானே சுரக்க மறந்துவிடும். மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் ஒரு சாதாரணக் காய்ச்சலைக்கூடத் தாங்காது. அதைச் சொல்லப் போனால் பழைய சீட்டுகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். பதினொன்றாவது பாட்டிலோடு சத்தமில்லாமல் நிறுத்திவிட்டேன்.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் நோயெமி தொலைபேசியில் அழைத்தாள்.

"விடிஞ்சதுலேர்ந்து வாந்தி டாக்டர். உடம்பு ஜில்லுன்னு இருக்கு. கூப்பிட்டாக் கண்ணைத் தொறக்க மாட்டேங்கறா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகட்டுமா?"

"வயித்துக் கோளாறுதான்மா. உப்புச் சர்க்கரைத் தண்ணி கொடு. நாளைக்குக் கூட்டிட்டு வா."

நான் சொன்னதால் அவள் போகவில்லை. மதியம் இரண்டு மணிக்கு இத்செல் இறந்துவிட்டாள்.

அடக்கத்தின்போது நோயெமி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவளுக்காக நீங்க எவ்வளவோ செஞ்சீங்க" என்று அழுதாள். நான் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

இதைப் படிக்கும் நீங்கள் கேட்பீர்கள், அதனால் சொல்கிறேன். அது வயிற்றுக் கோளாறு அல்ல என்று தொலைபேசியை வைப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் ஓர் ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாள். ஆனால் அங்கே முதல் கேள்வியே, இதுவரை என்ன மருந்து கொடுத்தாய் என்பதாகத்தான் இருக்கும். பெற்ற தாயை அந்தக் கேள்விக்கு முன்னால் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.