ஆப்பு வைக்காத கோடாலி

நான் சொல்றதுல ஒரு வார்த்தை பொய்னாலும் இந்த லாரியிலேருந்து என்னைக் குப்புறத் தள்ளி விட்டுடுங்கண்ணே. ஆனா வண்டிய நிறுத்திட்டுத் தள்ளாதீங்க, ஓட்டிக்கிட்டே தள்ளுங்க. நிறுத்தவெல்லாம் நேரமில்ல.

இல்லண்ணே, குடிக்கல. குடிச்சிருந்தா இவ்வளவு கோர்வையாப் பேச வராது. இந்தா பாருங்க, கட்டைவிரல் அளவு மரத்துண்டு. இதுக்குப் பேருதான் ஆப்பு. நான் கோடாலிக்குக் காம்பு போடுறவன். காம்பை இரும்பு ஓட்டைக்குள்ள விட்டு, காம்பு நுனியப் பிளந்து, இதை அடிச்சு இறக்கணும். அப்பதான் மரம் விரிஞ்சு இரும்பைப் பிடிச்சுக்கும். இது இல்லன்னா அது கோடாலி இல்லண்ணே, கவண்கல்லு.

ஆப்பு என் கையில இருக்கு. கோடாலி எங்கங்கறீங்களா? அதான் சொல்ல வர்றேன், நீங்க கொஞ்சம் மிதிங்க.

என் மச்சான் ஒருத்தன், விறகுக் கடையில கட்டை பிளக்கிறான். ஆளு பீரோ மாதிரி இருப்பான், உள்ள ஒண்ணும் கெடையாது. கோடாலி ஆடுதுன்னு நேத்து கொண்டாந்து போட்டான். பழைய ஆப்பைப் புடுங்கிட்டு, புதுசு சீவி, காயட்டும்னு அடுப்பு மேல வச்சேன். ஈரத்தோட அடிச்சா சுருங்கிக்கும். காம்பைச் சும்மா இரும்புல சொருகி மூலையில சாத்தினேன். காலையில மரம் வாங்கிட்டு வந்து பாக்குறேன், மூலை காலி. மச்சான் வந்து எடுத்துட்டுப் போயிட்டான்.

ஆடுறது அவனுக்குத் தெரியாதான்னா? தெரிஞ்சிருக்கே. அதானே வினை. வாசல்ல தண்ணித் தொட்டியில முக்கி வச்சிட்டு ஒக்காந்து கதை பேசியிருக்கான். பக்கத்து சைக்கிள் கடைக்காரர்தான் சொன்னாரு. தண்ணி குடிச்சு மரம் ஊதிப்போயி, கல்லு மாதிரி நின்னிருக்கு. மாமா வேலை சுத்தமா இருக்குன்னு சொல்லிட்டுப் போனானாம். மொத தடவையா என்னைப் பாராட்டியிருக்கான்ணே, அதுவும் இதுக்கு.

அது வெயில் ஏறுற வரைக்கும்தான். காய்ஞ்சா சுருங்கி, முன்னைவிட லூசாயிடும். தலைக்கு மேல ஓங்குறப்ப ஒண்ணும் தெரியாது. இறக்குறப்பதான். காம்பு அவன் கையில இருக்கும், இரும்பு எதிர்ல போகும்.

போன் பண்ணலையான்னா? அடிச்சு அடிச்சு என் காதே சிவந்துபோச்சு. போனைச் சட்டையோட கழட்டி ஆணியில மாட்டிட்டுத்தான் கட்டையைத் தொடுவான். கடை நம்பரு போர்டுல எழுதியிருக்கு. போர்டு அங்கல்ல இருக்கு.

அந்தக் குப்பை வண்டியத் தாண்டிடுங்கண்ணே. சிரிக்கிறீங்களா? சிரிங்க. நான் வாய மூடினா அழுதுருவேன், அப்புறம் என்னைச் சமாதானப்படுத்த வண்டிய நிறுத்துவீங்க.

ஆங், இந்த வளைவுதான். அதோ தகரக் கூரை தெரியுதுல்ல, சத்தம் கேக்குதா? வெட்டிக்கிட்டுத்தான் இருக்கான்.

எதிர்ல ஆள் நிக்குமான்னா கேட்டீங்க? நிக்காது, குந்தியிருக்கும். கட்டையை நிமித்தி வைக்கணும், பிளந்ததைப் பொறுக்கணும்ல. எப்பவும் வர்ற ஆளுக்குக் காய்ச்சலாம். அதனால அவன் அக்காவைக் கூட்டிட்டுப் போயிருக்கான்.

அக்கான்னா யாரா? என் பொண்டாட்டிதாண்ணே.

இந்தாங்க, இவ்வளவு கதையும் ஓசியில கேட்டுட்டு என்னை இறக்கி விட்டுப் போயிடலாம்னு பாக்காதீங்க. கூலி குடுங்க. ஹாரன்ல கைய வைங்க. அவன் திரும்பற வரைக்கும் எடுக்காதீங்க.