அடி நட்டு இறுக்கமாகத்தான் இருந்தது

ஞாயிற்றுக்கிழமை காலையில் மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் மாற்றுவதைப் போல மனத்துக்கு இதமான வேலை வேறு இல்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. பனி விலகியிருக்கும். தோட்டத்து லயத்தில் என் வீட்டு வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்து ஸ்பானரைக் கையில் எடுத்தால், வாரம் முழுக்கப் பட்ட பாடு மறந்துவிடும்.

நான் காளியண்ணன். தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு கிரீஸ் போடுகிறவன். ஆறு நாள் துரையின் இயந்திரம். ஞாயிறு வந்தால் லயத்து ஆட்களின் மோட்டார். கொண்டு வந்து நிறுத்திவிட்டு டீயைக் குடித்தபடி அரட்டை அடிப்பார்கள். வடித்த பழைய எண்ணெயை நான் எடுத்துக்கொள்வேன். பலகை வீட்டின் மரக் கால்களுக்குப் பூசினால் கரையான் அண்டாது. கூலி என்று நான் வாங்கியது அதுதான்.

உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், இருந்தாலும் சொல்கிறேன். இப்போது நம் ஆட்கள் வாங்குகிற டூ ஸ்ட்ரோக் மோட்டாருக்கு எண்ணெய் இரண்டு. ஒன்று மோட்டாரின் பக்கவாட்டில் இருக்கிற டப்பாவில் ஊற்றுவது. பெட்ரோலோடு எரிந்து புகையாகப் போகும். இன்னொன்று எஞ்சினுக்கு அடியில், கியர்ப் பற்களுக்கிடையில் கிடப்பது. அது எரியாது, புகையாது, கண்ணிலும் படாது. அதனால் எவனும் அதை நினைப்பதில்லை. பின்னால் புகை வந்தால் எண்ணெய் இருக்கிறது என்பது இங்குள்ளவர்களின் சாஸ்திரம். வயிறு நிறைந்ததா என்று தலைமுடியைத் தடவிப் பார்க்கிற மாதிரி.

மாப்பிள்ளையும் அந்த சாஸ்திரம் படித்தவன்தான்.

பெயர் இருளப்பன். லெம்பா பெர்த்தாமில் முட்டைக்கோஸ் லோரி ஓட்டுகிறான். குடிக்க மாட்டான். மரியாதை தெரிந்தவன். என் மகள் அம்சவல்லிக்குப் பரிசம் போட வந்த அன்று எல்லாரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள்; நான் மோட்டாரைப் பார்த்தேன். சங்கிலி துருவேறிக் கிடந்தது.

"கியர் எண்ணெய் கடைசியா எப்பப்பா மாத்துனே?" என்று கேட்டேன்.

"புகை நல்லாத்தான் வருது மாமா. ஓடற வரைக்கும் ஓடட்டும்லா" என்று சிரித்தான்.

உள்ளே பெண்களும் சிரித்தார்கள். எனக்கு அன்று கேசரி இறங்கவில்லை.

ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்கிறவன் கையில் ஒரு பெண்ணை எப்படிக் கொடுப்பது? என் மனைவி தங்கம்மாவிடம் சொன்னேன். "ஏங்க, அவன் கட்டிக்கப் போறது உங்க மவளையா, உங்க ஸ்பானரையா?" என்றாள். நல்ல மனுஷி. இயந்திர ஞானம் கிடையாது.

அதனால் அவனுக்கு ஒரு பரீட்சை வைத்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். கோபத்தில் செய்யவில்லை, ஐயா. நிதானமாக யோசித்துத்தான் செய்தேன்.

போன ஞாயிறு ரிங்லெட் டவுனில் கல்யாணப் புடவை எடுப்பதாக ஏற்பாடு. பெண்கள் பஸ்ஸில், அவன் மோட்டாரில். காலையிலேயே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தவனிடம், "மாப்ளே, எண்ணெய் மாத்தி வுடறேன்" என்றேன்.

"உங்களுக்கு ஏன் மாமா சிரமம்" என்றான், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். வெளியே எட்டிப் பார்க்கக்கூட இல்லை.

முறைப்படியே செய்தேன். எஞ்சின் சூடாக இருந்தது. சூட்டில்தான் எண்ணெய் முழுசாக இறங்கும். அடி நட்டைக் கழற்றி டின்னை வைத்தேன். இரும்புத் தூள் மினுங்க, பழைய கஷாயம் போல இறங்கியது. மோட்டாரைச் சாய்த்துக் கடைசிச் சொட்டையும் வாங்கினேன். நட்டுக்குப் புது வாசர் போட்டு இறுக்கினேன். பக்கத்து டப்பாவில் புகை எண்ணெயை விளிம்பு வரை நிரப்பினேன். சங்கிலிக்கும் எண்ணெய் விட்டேன். கியருக்கு மட்டும் ஊற்றவில்லை.

காது உள்ளவனுக்கு அது போதும். வறண்ட கியர் கொசு மாதிரி பாடும். தோட்டத்துக் கேட்டைத் தாண்டுவதற்குள் திரும்பி வந்து, என்னமோ சத்தம் கேட்குது மாமா என்று சொல்லியிருந்தால், புது எண்ணெயையும் ஊற்றிப் பெண்ணையும் கொடுத்திருப்பேன்.

சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தான். பக்கத்து டப்பாவின் மூடியைத் திறந்து பார்த்தான். "ஃபுல்லா இருக்கே மாமா. கல்யாணம் வரைக்கும் கவலையில்ல" என்றான்.

பஸ் அன்று வரவில்லை. "பரிசம் போட்டாச்சுல்ல, மோட்டார்லயே போவட்டும்ங்க. நான் ஏதாச்சும் லோரி கெடைச்சா பின்னால வர்றேன்" என்றாள் தங்கம்மா. அம்சவல்லி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவன் பின்னால் ஏறினாள். நான் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இறுக்கிப் புடிச்சுக்கம்மா" என்றேன்.

முதல் வளைவிலேயே சத்தம் தொடங்கிவிட்டது. "என்னாங்க அது, விசிலடிக்குது" என்று தங்கம்மாகூடக் கேட்டாள். கேட்க வேண்டியவன் கேட்கவில்லை.

தொழிற்சாலைக்குக் கீழே உள்ள இறக்கத்தில் கியர்ப் பற்கள் இறுகிப் பிடித்துக்கொண்டு பின்சக்கரம் அப்படியே நின்றது. இரண்டு பேரும் பறந்துபோய்த் தேயிலைச் செடிகளின் மேல் விழுந்தார்கள். மட்டமாக வளர்ந்த செடி. பாய் விரித்த மாதிரி ஏந்திக்கொண்டது. கொழுந்து மிஞ்சியிருந்ததால் அன்று ஞாயிறும் வேலை. கூடைக்காரப் பெண்கள் ஓடிவந்து இருவரையும் பறித்து எடுத்தார்கள். அவனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. அம்சவல்லிக்கு வலது மணிக்கட்டும் ஒரு முன்பல்லும். கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் பாறை, பிணமாகத்தான் தூக்கியிருப்போம் என்கிறார்கள். நானும் அதை மறுக்கவில்லை.

என்னை யாரும் சந்தேகப்படவில்லை. ரிங்லெட் பட்டறையில் திறந்து பார்த்துவிட்டு, எண்ணெய் ஒழுகிப் போயிருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து லயம் முழுக்க எனக்கு ஆறுதல். "வயசாச்சுலா காளியண்ணே, நட்டை லூசா வுட்டுட்டீங்க. மனசுல வெச்சுக்காதீங்க." அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதற்காகத்தான் யாரும் கூப்பிடாமல் நானே இங்கு நடந்து வந்தேன். நான் இறுக்கிய நட்டு எதுவும் இதுவரை ஒழுகியதில்லை. எண்ணெயை வடித்தேன், ஊற்றவில்லை, தெரிந்தேதான் அனுப்பினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

மகள் ஏறும்போதாவது தடுத்திருக்கலாமே என்கிறீர்கள். பரீட்சை நடக்கும்போது யாராவது விடையைச் சொல்லிக்கொடுப்பார்களா?

இங்கே வருமுன் ஆஸ்பத்திரிக்குப் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இடது கையால் அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. உண்மையைச் சொன்னால் தப்பு அவள் மேலும் இருக்கிறது, ஐயா. சின்ன வயதிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்து டின்னைப் பிடித்தவள். வறண்ட கியர் எப்படிப் பாடும் என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் அவன் முதுகில் சாய்ந்து எதையோ பேசிச் சிரித்துக்கொண்டே போயிருக்கிறாள்.

போகட்டும். நான் அவளை மன்னித்துவிட்டேன்.